குத்துக்கால் ஊன்றி மிலாறு பின்னும் தாழ்வான தோட்ட வேலி: முழு வழிகாட்டி

இங்கே சொல்லப்போவது முழங்காலுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் நிற்கும் பின்னல் வேலி. மண்ணில் வரிசையாகக் குத்துக்கால்களை ஊன்றி, அவற்றின் முன்னும் பின்னுமாக மிலாறுகளை, அதாவது வளையக்கூடிய மெல்லிய நீளக் கம்புகளை, மாற்றி மாற்றிப் பின்னி எழுப்புவது. ஆணி, கம்பி, சிமென்ட் எதுவும் தேவையில்லை.

பின்னத் தெரியாததால் வேலி கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. பின்னல் எவருடைய கைக்கும் விரைவில் பழகிவிடும். வேலி கெடுவது அதற்கு முன்னால்தான்: மரத்தை எந்த நிலையில் எடுத்தார்கள், கால்களை எவ்வளவு ஆழம் இறக்கினார்கள், ஓரத்துக் கால்களை எப்படி நிறுத்தினார்கள் என்பதில். ஆகவே ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குத்துக்காலுக்குக் காய்ந்த மரம் வேண்டும்; பின்னலுக்குப் பச்சை மிலாறு வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் வெட்டி, மாலைக்குள் வேலியாக்க நினைப்பவர்களுக்குத்தான் அடுத்த மழையில் வேலி சாய்கிறது.

1. இந்த வேலியால் எது முடியும்?

பாத்திக்குள் கால் படாமல் காக்கும். மண்ணை மூடப் பரப்பும் தழை, சருகு மூடாக்கு நடைபாதையில் சரியாமல் தடுக்கும். இளஞ்செடிகளின் மேல் அடிக்கும் காற்றின் வேகத்தைக் குறைக்கும். இதில் சுவரைவிடப் பின்னல் மேலானது. முழுக்க அடைத்த தடுப்பில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று இறங்கும். இடுக்குகள் உள்ள பின்னலோ காற்றை வடிகட்டி, வேகத்தைத் தணித்து அனுப்பும்.

ஆட்டை இது நிறுத்தாது. கோழி இதன்மேல் ஏறி உட்காரும். விலங்குகளைத் தடுக்கத்தான் வேலி வேண்டும் என்றால் உயரத்தையும் கால்களின் பருமனையும் கூட்ட வேண்டும். அது வேறு வேலை.

முதல் முறை செய்பவர்கள் 3 மீட்டர் நீளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோட்டத்தைச் சுற்றி ஒரே மூச்சில் வளைக்கக் கிளம்பினால் பாதியில் மிலாறு தீர்ந்துபோகும், அல்லது காய்ந்துபோகும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த 3 மீட்டருக்கானவை.

2. கணக்கு: எத்தனை கால், எத்தனை மிலாறு

கால்களுக்கு இடையே 35 முதல் 40 செ.மீ. இருக்கட்டும். 3 மீட்டரை 8 இடைவெளியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 37.5 செ.மீ. வரும். 8 இடைவெளிக்கு 9 கால்கள். இந்தக் கூடுதல் ஒன்றை மறந்துவிட்டு 8 கால்களோடு வந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

நடுக்கால் ஒவ்வொன்றும் 1 மீட்டர் நீளம், 4 முதல் 5 செ.மீ. பருமன். அதில் 40 செ.மீ. மண்ணுக்குள் போகும், 50 செ.மீ. வேலியாகும், 10 செ.மீ. மேலே உபரியாக நிற்கும். உபரியை வீண் என்று எண்ணி முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள். அதன் பயன் கடைசிப் படியில் தெரியும்.

ஓரத்துக் கால்கள் இரண்டும் 1.2 மீட்டர் நீளமும் 6 முதல் 7 செ.மீ. பருமனும் இருக்க வேண்டும். பின்னலின் இழுப்பு முழுவதையும் தாங்குபவை அவைதான்.

மிலாறுகள் அடிமுனையில் 2 செ.மீ.க்கு மிகாமல், நீளம் 2 மீட்டரோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. ஒரு வரிசை பின்னினால் மிலாற்றின் பருமன் அளவுக்கே வேலி உயரும். சராசரிப் பருமன் 1.5 செ.மீ. என்றால் 50 செ.மீ. உயரத்துக்கு 33 வரிசை. ஒட்டுப்போடும் இடங்களில் மிலாறுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கழித்தால் வரிசைக்கு இரண்டு மிலாறு என்று வையுங்கள். ஆக 66. முறிவதும் கோணலாக இருப்பதும் போக, 80 மிலாறுகள் கையில் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். கண்ணளவில் ஒரு கட்டு போதும் என்று தோன்றும், போதாது.

பருமனுக்கு இன்னொரு விதி: குத்துக்கால் மிலாற்றைப்போல் இரண்டு மடங்காவது தடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மிலாறு வளைவதற்குப் பதிலாகக் கால்கள் வளையும். வேலி நேராக நிற்காமல் பாம்புபோல் நெளியும்.

3. மரத்தைத் தேர்ந்து வெட்டுதல்

குத்துக்காலுக்கு வைரம் பாய்ந்த மரம் தேடுங்கள். மரத்தின் நடுவிலுள்ள கருத்த வைரப்பகுதிதான் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடங்கொடுக்காதது. மெல்லிய கிளையில், அது எவ்வளவு உயர்ந்த சாதி மரமாக இருந்தாலும், பெரும்பகுதி வைரம் ஏறாத வெளிறுதான். அதனால் நல்ல மரத்தின் இளங்கிளையைவிட, தடித்த கட்டையைப் பிளந்து எடுத்த கால் நெடுநாள் நிற்கும்.

வெட்டிய கால்களைத் தரையில் படாமல் குறுக்குக் கட்டைகளின்மேல் அடுக்கி, நிழலில் சில மாதங்கள் காயவிடுங்கள். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய மரத்தில் பூஞ்சை வளராது. பச்சைக்காலை ஊன்றினால் அது மண்ணுக்குள்ளேயே காய்ந்து சுருங்கி, துளையில் தளர்ந்து ஆடத் தொடங்கும்.

பச்சைக்காலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளுவை, பூவரசு, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா, வில்லோ போன்றவை ஊன்றினால் வேர்விட்டுத் துளிர்க்கும். உயிர்வேலி வேண்டுமென்றால் அது நல்லதுதான். பாத்தி ஓரத்தில் அவை மரமாகி நிழலடிப்பது வேண்டாமென்றால், நன்றாகக் காய்ந்த கால்களையே பயன்படுத்துங்கள்.

மிலாறுக்கு ஏற்றவை, வெட்டிவிட்ட அடிமரத்திலிருந்து மறுபடி கிளம்பும் ஓராண்டு, ஈராண்டுத் துளிர்க் கம்புகள். அவை வெளிச்சத்தை நோக்கி நேராக ஓடுவதால் பக்கக்கிளை குறைவு. நொச்சி, புளி, வில்லோ, ஹேசல் ஆகியவை நன்றாக வளையும். மூங்கிலைப் பிளந்த பிளாச்சும் உதவும். ஆனால் அதன் விளிம்பு கத்திபோல் வெட்டும், கையுறை கட்டாயம். உங்களுக்குக் கிடைக்கும் மரம் இவற்றில் இல்லையென்றால் ஒரு கம்பை எடுத்து, குத்துக்கால் ஒன்றைச் சுற்றி மெதுவாக வளைத்துப் பாருங்கள். பட்டென்று முறியாமல் வந்தால் அந்த மரம் போதும்.

அரளி வேண்டாம், அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. எருக்கு, கள்ளி போன்று பால் வடிபவையும் வேண்டாம். வளைக்கும்போது தெறிக்கும் பால் கண்ணைக் கெடுக்கும்.

வெட்டியவுடன் இலைகளை உருவிவிடுங்கள். இலை இருக்கும்வரை அது கம்பிலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உருவிய கம்புகளைக் கட்டி, நிழலில், ஈரச்சாக்கால் மூடிவைத்துச் சில நாட்களுக்குள் பின்னி முடியுங்கள். சில நாட்களுக்குள் பின்ன இயலாது என்றால் வெட்டுவதையே தள்ளிப்போடுங்கள். வில்லோ போன்ற சில வகைகள் காய்ந்த பிறகும் நீரில் ஊறவைத்தால் மீண்டும் வளையும். பெரும்பாலான மரங்களில் அந்த வளைவு திரும்பக் கிடைக்காது.

4. கருவிகள்

கடப்பாரை, அரிவாள், கைரம்பம், கிளை வெட்டும் கத்தரி, கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), அளவு நாடா, நூல், தூக்குக்குண்டு. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். 2 மீட்டர் மிலாற்றின் நுனி திரும்பும்போது எங்கே வீசும் என்று உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

5. இடத்தைக் குறித்தல்

மண்ணுக்கடியில் மின்கம்பியோ குடிநீர்க் குழாயோ போகிறதா என்று முதலில் பாருங்கள். கடப்பாரை இறங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. எல்லையோரம் என்றால் எல்லைக்கல்லையும் சரிபாருங்கள்.

வாசலை இப்போதே முடிவு செய்யுங்கள். ஆள் மட்டும் போக 70 செ.மீ., தள்ளுவண்டி போக 90 செ.மீ. விடலாம். வாசலின் இருபுறமும் வருவது ஓரத்துக்கால். அதாவது தடித்த நீளக்கால். பின்னி முடித்த வேலியில் பிறகு வாசல் திறக்க முடியாது. நடுவில் ஒரு மிலாற்றை வெட்டினால் இருபக்கமும் பிடிப்பு விட்டுப்போகும்.

இரு முனைகளிலும் தற்காலிகக் குச்சி அடித்து நூல் கட்டுங்கள். நூலின் ஓரமாக 37.5 செ.மீ. இடைவெளியில் கால்களின் இடங்களைக் குறியுங்கள். வளைந்த வேலி வேண்டுமென்றால் நூலுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்து வைத்து, தள்ளி நின்று பாருங்கள். வளைவில் இடைவெளியை 30 செ.மீ. ஆகக் குறையுங்கள்.

நிலம் சரிவாக இருந்தால் கால்கள் செங்குத்தாகவே நிற்கட்டும், பின்னல் மட்டும் சரிவோடு போகட்டும். சரிவுக்கு ஏற்பக் காலையும் சாய்த்தால் வேலி எந்நேரமும் விழப்போவதுபோல் தெரியும். சில மாதங்களில் விழவும் செய்யும்.

6. கால்களைச் சீவுதல்

கீழ்முனையை நான்கு பக்கமும் சமமாகச் சீவுங்கள். ஒரு பக்கம் அதிகமாகச் சீவினால் கால் இறங்கும்போது மறுபக்கம் ஒதுங்கிப் போகும். எத்தனை முறை நிமிர்த்தினாலும் நிற்காது. நுனியை ஊசியாக்க வேண்டாம். கல்லில் பட்டவுடன் மடங்கும். விரல் பருமனுக்கு மழுக்கமாக விடுங்கள்.

மேல்முனையின் விளிம்பைச் சுற்றிலும் லேசாகச் சீவி வட்டமாக்குங்கள். அடிக்கும்போது மரம் பிளக்கத் தொடங்குவது இந்த விளிம்பில்தான். இரண்டு நிமிட வேலை, பல கால்களைக் காப்பாற்றும்.

மூங்கிலைக் காலாக வைத்தால் மேல்வெட்டு கணுவுக்குச் சற்று மேலே வர வேண்டும். கணுவுக்குக் கீழே வெட்டினால் மேலே திறந்த குழாயாகி மழைநீர் தேங்கும். கால் உள்ளிருந்தே அழுகும்.

கீழ்முனையைத் தீயில் கருக்கி ஊன்றுவோர் உண்டு. நான் கருக்குவதில்லை. கரித்த மேற்பரப்பு வெடிக்கிறது, வெடிப்பின் வழியே ஈரம் உள்ளே போகிறது. ஆழமாகக் கருக்கினால் காலும் மெலிகிறது. வாகனக் கழிவு எண்ணெய் பூசுவதை முற்றிலும் தவிருங்கள். அது உணவுச்செடி வளரும் மண்ணுக்குள் போகும் நஞ்சு. இந்தப் பாடுகளுக்குப் பதிலாக நல்ல வைரமுள்ள மரத்தைத் தேட நேரம் செலவிடுங்கள்.

7. ஊன்றுதல்

முதலில் ஓரத்துக் கால்கள் இரண்டையும் ஊன்றி, நூலை அவற்றுக்கு மாற்றிக் கட்டுங்கள். பிறகுதான் நடுக்கால்கள். ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டு போனால், சிறு விலகல்கள் சேர்ந்து கடைசிக்கால் வரிசையை விட்டு ஒதுங்கியிருக்கும்.

மண் இறுக்கமாக இருந்தால் முந்தின நாள் நீரூற்றி வையுங்கள். கடப்பாரையால் தேவையான ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குத் துளையிடுங்கள். துளை காலைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். மீதி ஆழத்தைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்குங்கள். அப்போதுதான் சுற்றியுள்ள மண் நெருக்கிப் பிடிக்கும். அகலமான குழி தோண்டி, காலை வைத்து, மண் தள்ளி மூடுவது எளிதாகத் தெரியும். ஆனால் கலைந்த மண் கலையாத மண்ணைப்போல் பிடிக்காது.

இரும்புச் சுத்தியலால் நேராகக் காலின் தலையில் அடிக்காதீர்கள். கொட்டாப்புளி இல்லையென்றால் தலையில் ஒரு பலகைத் துண்டை வைத்து அதன்மேல் அடியுங்கள். நாலைந்து அடிக்கு ஒருமுறை தூக்குக்குண்டை இரண்டு பக்கமிருந்தும் பிடித்துப் பாருங்கள். பாதி இறங்கும்வரை நிமிர்த்தலாம். அதற்குப் பிறகு நிமிர்த்தினால் துளைதான் பெரிதாகும். அந்தக் காலைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்குவதே சரி.

சிமென்ட் கலவை ஊற்ற ஆசை வரும். வேண்டாம். மரம் சுருங்கும்போது கலவைக்கும் மரத்துக்கும் நடுவே இடுக்கு விழும். அதில் நீர் இறங்கித் தேங்கும். மரம் அழுகுவது பெரும்பாலும் ஆழத்தில் நடப்பதில்லை. காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் நிலமட்டத்தில்தான் நடக்கும். எனவே ஊன்றி முடித்தபின் ஒவ்வொரு காலின் அடியிலும் மண்ணைச் சற்றுக் குவித்து மிதித்து, நீர் காலை விட்டு விலகி ஓடும்படி செய்யுங்கள்.

இப்போது ஒரு சோதனை. ஒவ்வொரு காலின் தலையையும் பிடித்து வேலியின் நீளவாக்கில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இன்னும் இறக்குங்கள். ஆடும் காலைப் பின்னல் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பின்னல் காலைப் பிடிப்பதில்லை, இழுக்கிறது.

8. ஓரங்களைக் கட்டிவைத்தல்

பெரும்பாலோர் தாவிப் போகும் படி இது. ஒவ்வொரு மிலாற்றையும் இழுத்துப் பின்னும்போது அது கால்களை ஒன்றோடொன்று நெருக்கும். 33 வரிசையின் இழுப்பும் சேர்ந்து ஓரத்துக்காலின் தலையை உள்நோக்கிச் சாய்க்கும்.

கால்களின் உபரித்தலையை ஒட்டி 3 மீட்டர் நீளமுள்ள நேரான கழி ஒன்றைக் கிடைமட்டமாக வைத்து, ஒன்பது கால்களோடும் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுங்கள். தலையிலும் அடியிலும் இடைவெளி ஒன்றுதானா என்று அளந்த பிறகு இறுக்குங்கள். இந்தக் கழி தற்காலிகமானது. மேல் வரிசை நெருங்கும்போது அவிழ்த்துவிடலாம்.

மண் இளகியதாக இருந்தால் ஓரத்துக்காலுக்கு வெளிப்பக்கத்திலிருந்து ஒரு பிடிப்பும் கொடுங்கள். கால் உள்நோக்கிச் சாயும் என்பதால் முட்டுக்கம்பு ஒன்றை உள்பக்கம், முதல் இடைவெளிக்குள் கொடுக்கத் தோன்றும். அது பின்னலுக்கு வழிவிடாது. ஆகவே வெளியே ஒரு முளை அடித்து, காலின் தலையை அதனோடு கயிற்றால் இழுத்துக் கட்டுவதே வசதி.

9. மிலாறுகளைப் பிரித்தல்

பின்னத் தொடங்கும் முன் கட்டை அவிழ்த்து மூன்றாகப் பிரியுங்கள்: தடித்தவை, நடுத்தரம், மெல்லியவை. தடித்தவை அடிக்கு, நடுத்தரம் நடுவுக்கு, மெல்லிய நீளமானவை மேல்விளிம்புக்கு. மிக நீளமான மெல்லிய மிலாறு எட்டைத் தனியே ஒதுக்கி மறைத்தே வையுங்கள். கைக்கு வந்ததை எடுத்துப் பின்னுபவர்களுக்கு விளிம்பு கட்டும்போது குட்டையும் தடிப்பும்தான் மிஞ்சும்.

10. அடி வரிசை

மண்ணுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே 3 முதல் 5 செ.மீ. விடுங்கள். மண்ணைத் தொடும் மிலாறு முதல் மழைக்காலத்திலேயே மட்கத் தொடங்கும். அது போனால் மேலுள்ளவை எல்லாம் இறங்கும். இடைவெளி சீராக வர, ஒரே பருமனுள்ள செங்கல் துண்டுகளைக் கால்களுக்கு இடையே வைத்து, அவற்றின்மேல் முதல் வரிசையை ஏற்றலாம். பிறகு உருவி எடுத்துவிடுங்கள்.

முதல் வரிசைக்கு மட்டும் ஒற்றை மிலாறு போதாது, இரட்டை எடுங்கள். ஒன்று காலின் முன்னும் மற்றது பின்னுமாகப் போய், அந்தக் காலைத் தாண்டியவுடன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று புரட்டி இடம் மாற்றுங்கள். அடுத்த காலிலும் அப்படியே. இந்தப் புரி ஒவ்வொரு காலையும் இருபுறமும் கவ்வி நிற்கும். கீழே நழுவாது.

11. பின்னல்

மிலாற்றின் அடிமுனையைக் காலின் உட்புறத்தில் வைத்துத் தொடங்கி, அடுத்த காலுக்கு வெளியே, அதற்கடுத்ததற்கு உள்ளே என்று கொண்டுபோங்கள். அடுத்த வரிசை இதற்கு எதிர்மாறாக: கீழே உள்ளே போன காலில் மேலே வெளியே.

அடிமுனையை ஒரு வரிசையில் இடப்பக்கமும், அடுத்ததில் வலப்பக்கமும் வையுங்கள். எல்லா அடிமுனையும் ஒரே பக்கம் வந்தால் அந்தப் பக்கம் வேகமாக உயரும். பாதி வேலையில் பின்னல் சரிந்து நிற்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தாழ்ந்த பக்கத்தில் குட்டை மிலாறு இரண்டைச் சேர்த்துச் சமன் செய்துவிடலாம்.

மிலாறு தீர்ந்து புதியதைச் சேர்க்கும்போது பழையதும் புதியதும் இரண்டு இடைவெளிக்குச் சேர்ந்தே போக வேண்டும். பழைய நுனியும் புதிய முனையும் காலின் உட்புறத்தில், காலைத் தாண்டி 3 செ.மீ. நீண்டு, அதன்மேல் சாய்ந்து நிற்கட்டும். காலுக்கு முன்பே முடியும் முனையைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. காய்ந்தவுடன் அது துள்ளி வெளியே வரும். அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே காலில் ஒட்டு வராமல் பாருங்கள். ஒட்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே புடைப்பும் பலவீனமும் சேர்ந்து வரும்.

நாலைந்து வரிசைக்கு ஒருமுறை பலகைத் துண்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறுக்குங்கள். கால்களை ஒட்டிய இடத்தில் தட்டுங்கள். நடு இடைவெளியில் ஓங்கித் தட்டினால் மிலாறு முறியும். தட்டுவதைக் கடைசிக்கு ஒத்திவைப்பவர்கள் உண்டு. அப்போது மேலுள்ள வரிசைகள் மட்டும் இறுகும். அடிவரிசைகள் தளர்ந்தே இருக்கும்.

தவறைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: விரலை ஒரு காலின் முகத்தின்மேல் வைத்து மேலிருந்து கீழே இறக்குங்கள். மிலாறு, வெற்றிடம், மிலாறு, வெற்றிடம் என்று வர வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மிலாறு தட்டுப்பட்டால் அங்கே வரிசை மாறிவிட்டது. அதுவரை பிரித்துவிடுங்கள். மேலே பின்னிச் சரிக்கட்ட முடியாது.

12. ஓரத்தில் திருப்புதல்

எல்லா மிலாற்றையும் ஓரத்துக்காலோடு வெட்டிவிட்டால் காலப்போக்கில் பின்னல் ஓரத்திலிருந்து உருவிக்கொண்டு வரும். மூன்று, நான்கு வரிசைக்கு ஒன்றையாவது ஓரத்துக்காலைச் சுற்றித் திருப்பி, மறுபடி உள்ளே பின்ன வேண்டும்.

நேராக மடித்தால் முறியும். மடிக்கும் முன் முறுக்குங்கள். கடைசிக்கு முந்தின காலருகே இடக்கையால் மிலாற்றை இறுகப் பிடித்து, வலக்கையால் நுனிப்பக்கத்தைக் கயிறு திரிப்பதுபோல் திருகுங்கள். பட்டை சுருங்கி, உள்நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் மெல்லிய நெறிப்புச் சத்தம் கேட்கும். அந்த முறுக்கு தளராமல் அப்படியே காலைச் சுற்றித் திருப்புங்கள். பிரிந்த நார்கள் தனித்தனியே வளைவதால் மரம் ஒடிவதில்லை. இதைச் சில வீண் கம்புகளில் பழகிக்கொண்டு வேலியில் கைவையுங்கள். இந்த வேலையில் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டிய கைத்திறன் இது ஒன்றுதான். கைவந்த அன்று மகிழ்ச்சியாக இருக்கும்.

2 செ.மீ.க்குத் தடித்ததைத் திருப்ப முயலாதீர்கள். ஓரத்துக்காலைத் தாண்டி 5 செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள்.

13. மேல் விளிம்பு

ஒதுக்கிவைத்த நீள மிலாறுகள் எட்டையும் இப்போது எடுங்கள். அடிவரிசையைப்போலவே இரண்டிரண்டாகப் புரிபோட்டு இரண்டு வரிசை கட்டுங்கள். நுனிகளை ஓரத்துக்காலைச் சுற்றி முறுக்கித் திருப்பி, காலை ஒட்டிப் பின்னலுக்குள் கீழ்நோக்கிச் செருகுங்கள். ஒரு சாண் ஆழமாவது இறங்க வேண்டும்.

கால்களின் உபரித்தலையை இன்னும் வெட்டாதீர்கள்.

14. காயவிட்டு, மேலே நிரப்புதல்

பச்சைமரம் காயும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, பருமனில்தான் சுருங்கும். அதனால் வேலியின் நீளம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் இறங்கும். 50 செ.மீ. பின்னலில் 2 முதல் 4 செ.மீ. வரை குறையலாம்.

சில வாரங்கள் கழித்து, மிலாறுகளின் பட்டை நிறம் மாறியபின், மேலிருந்து தட்டி இறுக்குங்கள். விளிம்புப் புரியை அவிழ்க்கத் தேவையில்லை. அதன்மேலேயே இன்னும் இரண்டு மூன்று வரிசை புதிய பச்சை மிலாறு பின்னலாம். உபரித்தலை இருப்பதன் பயன் இதுவே. முன்பே வெட்டியவர்களுக்கு நிரப்பப் பிடிமானம் இருக்காது.

நிரப்பியபின் தலைகளை விளிம்புக்கு மேல் 4 செ.மீ. விட்டு, சாய்வாக அறுங்கள். சாய்வெட்டில் நீர் தங்காது. உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் மிலாற்று முனைகளை ஒவ்வொன்றாகக் கத்தரியால் திருத்துங்கள். களை பறிக்கக் குனிபவரின் முகம் இருக்கும் உயரம் இது. கூர்முனை ஒன்றைக்கூட விடாதீர்கள்.

15. வட்டப்பாத்தி என்றால்

மரத்தடியையோ வட்டப்பாத்தியையோ சுற்றிப் பின்னும்போது கால்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். 11, 13, 15 என்று எதுவாகவும் இருக்கலாம். ஒற்றைப்படையில் ஒரே போக்காகச் சுற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு சுற்றும் தானாகவே எதிர்மாறாக விழும். இரட்டைப்படையில் எல்லாச் சுற்றும் ஒரே காலுக்கு ஒரே பக்கமாகப் போய் அடுக்கு விழும். ஏற்கெனவே இரட்டைப்படையில் ஊன்றிவிட்டீர்கள் என்றால் இரண்டு மிலாறுகளை அடுத்தடுத்த கால்களில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்திப் பின்னுங்கள். வட்டத்தில் ஓரங்கள் இல்லாததால் 12ஆம் படி தேவைப்படாது.

16. பிறகு பார்க்க வேண்டியவை

காய்ந்த இலைகளையும் மூடாக்கையும் வேலியோடு ஒட்டிக் குவிக்காதீர்கள். ஒரு கையகலம் தள்ளியே இருக்கட்டும். குவியல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், கறையானுக்கு மறைவிடமும் கொடுக்கும். காலின்மேல் மண்பாதை ஏறுவது தெரிந்தால் உடனே சுரண்டி எறியுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் காலின் நிலமட்டத்தைக் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் போய்விட்டது.

மழையும் வெயிலும் கறையானும் மிகுந்த இடத்தில் மெல்லிய மிலாறு இரண்டு, மூன்று ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கினால் வியப்பில்லை. முழுவதையும் பிரிக்க வேண்டாம். உடைந்ததை வெட்டி உருவி, அதே வழியில் புதிய பச்சை மிலாற்றை நுழைத்துவிடுங்கள். கொடிகளை வேலியில் ஏற்றினால் காற்றோட்டம் குறைந்து பின்னல் ஈரமாகவே இருக்கும். பருவம் முடிந்தவுடன் காய்ந்த கொடியை அறுத்தெடுங்கள்.

அழுகிய காலைப் பிடுங்காதீர்கள். பின்னல் முழுவதும் அதைப் பற்றி நிற்கிறது. அதை ஒட்டியே ஒரு கைப்பிடி அளவு தள்ளிக் கடப்பாரையால் துளையிட்டு, புதிய காலை மேலிருந்து பின்னலின் இடுக்கு வழியாக நுழைத்து அடித்து இறக்குங்கள். மிலாறுகள் இறுகிப் போயிருந்தால் ஒரு கூர்க்கட்டையால் வழி விலக்கிக்கொண்டு நுழையுங்கள். புதியது உறுதியாக நின்றதும் இரண்டையும் மேலும் கீழும் நார்க்கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டால் போதும்.